மைதானமும் ஒரு பாடசாலையே



ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய நிர்வாகத்துக்குப் பெயர் கேட்டதும் மண்டபம் அமைதியாகிவிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். "பிள்ளைகள் பொறுப்பெடுக்கிறார்கள் இல்லை" என்று குறைப்படுகிறோம். பொறுப்பை அவர்கள் எங்கே பழகுவது? இம்முறை அதைப் பற்றிச் சிந்திப்போம்.

ஊரில் அதற்கு இடமிருந்தது. பாடசாலையில் இல்லத் தலைவர், கிராமத்தில் விளையாட்டுக் கழகம். யாழ். மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றார். பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்விப் பணியில் ஈடுபட்டார். விளையாட்டு அவர் படிப்பைக் கெடுக்கவில்லை.

ஜேர்மனியிலும் இடமிருக்கிறது. 1811இல் பேர்லினில் யான் என்பவர் திறந்த உடற்பயிற்சித் திடலோடு தொடங்கிய மரபு, இன்று 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுக் கழகங்களாக விரிந்துள்ளது. இவற்றில் பெரும்பாலானவை பதிவுபெற்ற சங்கங்கள். 1900இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டப்படி, பதிவுக்கு ஏழு அங்கத்தவர் வேண்டும். பொதுக்கூட்டம் நிர்வாகத்தைத் தெரிவுசெய்யும். நிர்வாகம் கணக்குக் காட்ட வேண்டும். கோயில் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் சங்கமாகப் பதியப்படுவது இதே சட்டத்தின் கீழ்தான். ஆகவே உதைபந்தாட்டக் கழகத்தில் பிள்ளை பழகுவது நாளை நமது சங்கத்துக்கும் உதவும்.

அங்கே பொறுப்பு படிப்படியாக வருகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை சிறுவரின் பயிற்சியில் கைகொடுக்கும். 16 வயதிலிருந்து பயிற்றுநர் அனுமதிப்பத்திரத்துக்கான 120 பாட அலகுகளைப் படிக்கலாம். குழுவை நடத்துவது, சிறுவரைப் பாதுகாப்பாகக் கவனிப்பது எல்லாம் அதில் அடங்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார், பிழைவிட்டால் திருத்துவார், ஆனால் வேலையைப் பறிக்கமாட்டார். நாம் கற்க வேண்டியது இதைத்தான். நமது விழாக்களில் இளையோரைக் கதிரை அடுக்க மட்டும் கூப்பிடுகிறோம். திட்டமிடும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

இன்னொன்று. மகள் பெரியபிள்ளையானதும் பயிற்சியை நிறுத்திவிடும் வீடுகள் நம்மிடையே உண்டு. யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் விளையாடியவர். மகளை மறிக்குமுன் அவரை நினைப்போம்.

வீட்டில் பேசிப் பார்ப்போம்:

1. பிள்ளையின் கழகப் பெற்றோர் கூட்டத்துக்குக் கடைசியாக எப்போது போனோம்?

2. பரீட்சை வந்தால் முதலில் நிறுத்துவது விளையாட்டையா?

3. அடுத்த விழாவில் எந்த வேலையை, அதற்கான பணத்தோடும் முடிவெடுக்கும் உரிமையோடும், இளையோரிடம் ஒப்படைக்கலாம்?

மூன்றாவது கேள்விக்கான பதிலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.