விரதமும் வீதி ஓட்டமும்

இந்த மாதப் பாடம் தவம். கீதையின் 17ஆம் அத்தியாயத்தைப் படிக்கப் போகிறோம். ஆனால் காட்டில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் முனிவரை விட்டுவிட்டு, நம்ம கிளை ஓட்டக் குழுவில் ஒரு தம்பி கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

"அண்ணே, புரட்டாசி சனி முழுக்க நான் தண்ணி மட்டும்தான் குடிப்பேன். மறுநாள் கேஎல் மாரத்தான்ல 21 கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்திருக்கேன். பெருமாள் பார்த்துக்குவாருலா?"

இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. கோலாலம்பூர் மாரத்தான் இப்போதெல்லாம் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ வருகிறது. அது சரியாகப் புரட்டாசி. பினாங்கு பாலம் மாரத்தான் டிசம்பரில். அப்போது மாலை போட்ட ஐயப்ப சாமிகள் நம்ம குழுவிலேயே உண்டு. ஆக, விரதமும் ஓட்டமும் நமக்கு வருஷா வருஷம் முட்டிக்கொள்ளும்.

கண்ணன் என்ன சொல்கிறார்? உடல், வாக்கு, மனம் என்று தவத்தை மூன்றாகப் பிரிக்கிறார். பிறகு செய்கிறவனின் மனநிலையைப் பார்த்து இன்னொரு மூன்று: பலனை எதிர்பாராமல் சிரத்தையோடு செய்வது சாத்விகம், பேரும் புகழும் கிடைக்கட்டும் என்று செய்வது ராஜசம், மூடப் பிடிவாதத்தால் தன்னையே வதைத்துக்கொள்வது தாமசம். உடல் தவத்தில் அகிம்சையையும் சேர்த்திருக்கிறார். அந்த அகிம்சை நம்ம உடம்புக்கும் பொருந்தும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிப் படம் போடுவது எந்த வகை என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள். நானும் போடுகிறவன்தான்!

இனி உடம்பின் பக்கம். ஓடும்போது தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பில் இருக்கிற மாவுச்சத்துதான் முக்கிய எரிபொருள். ஒரு இரவு தூங்கி எழுந்தாலே கல்லீரல் சேமிப்பு குறைந்துவிடும். ஒரு பகல் முழுக்கப் பட்டினி என்றால் கேட்கவே வேண்டாம். நம்ம ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை சுலபத்தில் காயாது, அதனால் உடம்பு குளிராது. "அதுக்குத்தான் நெறைய தண்ணி குடிக்கிறேனே" என்று சொல்வார்கள். மணிக்கணக்கில் ஓடும்போது வெறும் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். ஓடுகிற ஆள் தள்ளாடினாலோ உளறினாலோ, "இன்னும் கொஞ்சம்தான், விடாதே" என்று உற்சாகப்படுத்தாதீர்கள். நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, தண்ணீர் ஊற்றி, ஐஸ் வைத்துக் குளிர வையுங்கள். மருத்துவக் குழுவை உடனே கூப்பிடுங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். நம்ம வீடுகளில் புரட்டாசி சனிக்கிழமை பெரும்பாலும் முழுப்பட்டினி இல்லை. சைவம், மதியம் தளிகை போட்டுப் படைத்துவிட்டு இலையில் சாப்பாடு, ராத்திரி இட்லியோ தோசையோ. அப்படி விரதம் இருக்கிறவன் சோறு, வள்ளிக்கிழங்கு, வாழைப்பழம் என்று வயிறாரச் சாப்பிட்டு, சீக்கிரம் தூங்கி, விடியுமுன் ஏதாவது கொஞ்சம் பசியாறிவிட்டு ஓடலாம். முழுப்பட்டினிதான் சங்கல்பம் என்றால் ஓட்டத்தை விட்டுவிடு. சாமியிடம் சொன்ன வார்த்தை முந்தியது. ஓட்டம் அடுத்த வருஷமும் வரும். இரண்டையும் சேர்த்துச் செய்து பெருமாளைச் சோதிப்பது பக்தி ஆகாது. கட்டின காசு போச்சே என்றான். போகட்டும்.

ஐயப்ப சாமிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. வேளாவேளைக்குச் சைவமாகச் சாப்பிடுகிறவருக்கு ஓட்டம் தடையில்லை. வெறுங்காலில்தான் ஓடுவேன் என்றால் மட்டும் முதலில் குருசாமியிடம் கேளுங்கள். தைப்பூச ரதத்தோடு பத்துமலைக்கு மெதுவாக நடந்த கால், தார்ச்சாலையில் 21 கிலோமீட்டர் ஓடத் தயாரான கால் என்று அர்த்தமில்லை.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் அம்மாக்களுக்கு ஒரு செய்தி. 1983இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் மாரத்தான் தங்கத்தை வாங்கியவர் கே. ஜெயமணி, நம்ம தமிழ்ப்பெண். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

தண்ணீர் நிலையத்தில் குடித்த கோப்பையைத் தொட்டியில் போடுங்கள். உடல் தவத்தில் சௌசமும் உண்டு.

குழுப் பயிற்சி வழக்கம்போல ஞாயிறு காலை 6 மணிக்கு, தித்திவங்சா ஏரிப் பூங்காவில். புதியவர்கள் 5 கிலோமீட்டர் நடை ஓட்டத்தில் தொடங்கலாம். கேஎல், பினாங்கு இரண்டுக்கும் பேர் கொடுப்பவர்கள் ஏற்பாட்டாளர் அறிவிக்கும் தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, எந்த விரதம், எப்படி இருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து என்னிடம் எழுதிக் கொடுங்கள். தம்பி இந்த முறை தண்ணீர் நிலையத்தில் நிற்கிறான். அவனோடு நிற்க இன்னும் நாலு பேர் வேண்டும்.