விட்டமும் சுற்றும்

காவாந்தண்டலத்தில் 14 அடி விட்டமுள்ள வட்டக்கிணறு ஒன்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பக் கருதுகின்றோம் எனக் கொள்வோம். விட்டத்தை ஏழு கூறாக்கி, அதனோடு நான்கு சேர்த்து, வந்ததை இரட்டித்தால் சுற்றளவு கிட்டும் என்பது பழந்தமிழ்க் கணக்குச் செய்யுளொன்றின் கருத்து. மாணவர் இடறுவது ‘நான்கு’ என்னுமிடத்தில். 14உடன் 4 கூட்டி இரட்டிப்பின் 36 வரும். கயிறு கொண்டு அளப்பின் ஏறத்தாழ 44 அடி! எட்டடிச் சுவருக்குச் செங்கல் இராது.

நான்கு என்றது நான்கு அடியன்று. ஏழில் நான்கு கூறு. ஒரு கூறு 2 அடி. நான்கு கூறு 8 அடி. 14உடன் 8 சேர 22, இரட்டிக்க 44. விட்டம் 7 ஆயின் மட்டும் பிழையான பொருளும் சரியான விடையே தரும். 7ஐ மட்டுமே எடுத்துக்காட்டிச் செல்லும் ஆசிரியர்க்கு (யானும் அவருள் ஒருவன்) இப்பிழை புலப்படுவதில்லை.

இம்முறையின் உள்ளுறை 22/7 என்னும் பின்னமே. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, நடைமுறைக்கு இதனையே கூறி, வானூலார் 62832ஐ 20000ஆல் வகுத்துக் கொள்வதையும் குறித்தார். ஆரியபட்டர் தந்த அளவும் அதுவே. நம் கிணற்றில் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு கால் அங்குலத்தினும் குறைவு. கொத்தனார் அதனைச் சாந்துக்குள் மறைத்துவிடுவார்.