வீட்டு மின்கோளாறும் குளிர்காற்றுப் பொறியும்

நெடுநல்வாடை பேசும் உயர்ந்த மாடங்களில், வேனிற்காலத்துத் துயிலறைக்குத் தென்றலைக் கொணரும் பலகணி தனியே அமைந்திருந்ததைத் தமிழ் பயில்வோர் அறிவர். அப்பலகணிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. இக்காலத்து நகர வீடுகளிலோ அதன் இடத்தை ஏர்கண்டிஷனர் என்னும் குளிர்காற்றுப் பொறி கைப்பற்றிக்கொண்டது. பொறி குளிரத் தவறியவுடன் 'காஸ் தீர்ந்துவிட்டது' என்று முடிவு செய்து, பொருள் செலவிட்டுப் புதிதாக நிரப்புவது பலரது வழக்கம். காஸ் என்பது விளக்கிலிட்ட எண்ணெய்போல எரிந்து குறைவதன்று. மூடிய செப்புக் குழாயினுள்ளே சுற்றிச் சுற்றி வருவது. எங்கேனும் ஒழுக்கு ஏற்பட்டாலன்றி அது குறைதற்கு வழியில்லை. பொறியின் குற்றமென எண்ணப்படுவனவற்றுட் பல, சுவருக்குள் ஓடும் கம்பியின் குற்றங்களே. அவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இப்பொறியின் உயிர்நிலை கம்ப்ரஸர் என்னும் அழுத்துகருவி. வாயுவை அழுத்தித் திரவமாக்கலாம் என்பதை 1823-இல் குளோரின் வாயுவைக் கொண்டு காட்டிய மைக்கேல் பாரடேதான், 1831-இல் மின்தூண்டலையும் கண்டறிந்தார். ஸாண்டிமானியர் என்னும் சிறிய கிறிஸ்தவ சபையின் பக்தியுள்ள அங்கத்தினராகிய அவ்வறிஞரின் இரு கண்டுபிடிப்புகளும் இன்று ஒரே பெட்டியில் கூடி நம் அறையைக் குளிர்விக்கின்றன என்பது எண்ணி மகிழத்தக்கது. நிற்க.

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஒன்றரை டன் பொறி ஓடும்போது ஏறத்தாழ 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும். ஆனால் பழைய வகைக் கம்ப்ரஸர், நின்ற நிலையினின்று சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை வேண்டும். இங்குத்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. மோட்டாரின் சுழற்றும் வலிமை மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டியது. 230 வோல்ட் என்பது ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 184 ஆயிற்றென்று கொள்வோம். வலிமையும் ஐந்தில் ஒரு பங்குதானே குறையும் என்று எண்ணலாகாது. அது நூற்றுக்கு 64 பங்காகத் தாழ்ந்துவிடும். அப்போது கம்ப்ரஸர் 'உம்' என்று முனகும், சுழலாது, சுருள் சூடேறும், அதன் காவற்கருவி மின்சாரத்தைத் துண்டிக்கும், சில நிமிடங்கள் கழித்து மீண்டும் முனகும். அறைக்குள்ளிருக்கும் விசிறி மட்டும் தடையின்றிச் சுழன்று வெறுங்காற்றை வீசிக்கொண்டிருக்கும். வீட்டார், 'பொறி ஓடுகிறது, குளிர்தான் இல்லை' என்பர். கெபாஸிடர் வலுவிழந்தாலும் இதே குறி தோன்றும். ஆதலின் மின்னழுத்தத்தை அளந்து பாராமல் எதையும் மாற்றுதல் கூடாது. மின்தடை நீங்கிய உடனே பொறியை இயக்கினாலும் இவ்வாறு முனகுவதுண்டு. அது கோளாறன்று, குழாயின் இருபுற அழுத்தமும் சமனாவதற்கு மூன்று நிமிடமளவு பொறுத்திருந்தால் போதும்.

மின்னழுத்தக் குறைவு தெருவிலிருந்து வரலாம். வீட்டிலேயே உண்டாதலும் கூடும். பின்னதே ஆபத்து மிக்கது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம் தடை உண்டு. மீட்டர்ப் பலகையிலிருந்து அறை 20 மீட்டர் தொலைவிலிருப்பின், மின்சாரம் போய்வரும் வழி 40 மீட்டர். தடை அரை ஓமிற்குச் சற்றுக் குறைவு. 8 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 4 வோல்ட் மட்டுமே இழப்பாகும். தொடங்குங் கணத்தில் 40 ஆம்பியர் பாய்ந்தாலோ 19 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோம். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் இவ்விழப்பு ஏழு வோல்ட்டளவில் நின்றுவிடும். விளக்குக்கென்று இட்ட கம்பியிற் குளிர்ப்பொறியை மாட்டுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பார்களாக.

கம்பி தக்கதாயினும் இணைப்பு தளர்ந்திருக்கலாம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி வெப்பம் பெருகும் என்பது ஜூல் 1841-இல் வெளியிட்ட விதி. தளர்ந்த திருகொன்றில் அரை ஓம் தடையிருந்தால், 8 ஆம்பியரில் 32 வாட் வெப்பம் அவ்விடத்தே பிறக்கும். ஒரு சிறு பற்றுக்கோல் முனையின் வெப்பத்தை நம் ஸ்விட்ச் பெட்டிக்குள் இரவு முழுவதும் வைத்ததற்கு அது ஒப்பாகும். பிளக்கின் முள் கருகுதல், பிளாஸ்டிக் மஞ்சளித்து இளகுதல், தீய்ந்த நாற்றம் ஆகியன கண்டவுடன் பொறியை நிறுத்தல் வேண்டும்.

இனி, எம்.ஸி.பி. என்னும் காவல் ஸ்விட்சைப் பற்றிச் சொல்லாமல் விடுதற்கில்லை. அது அடிக்கடி விழுகின்றதென்று 16 ஆம்பியருக்கு உரியதை நீக்கி 32 ஆம்பியருக்கு உரியதைப் பொருத்துகின்றார்கள். அதன் பின் அது விழுவதில்லை, வீட்டாரும் நிம்மதியடைகின்றனர். இதனினும் கொடிய நிம்மதி வேறில்லை! அந்த ஸ்விட்ச் காப்பது பொறியை அன்று, சுவருக்குள் இருக்கும் கம்பியை. மெல்லிய கம்பி தாங்கவொண்ணாத சூட்டில் வெந்துகொண்டிருக்க, 32 ஆம்பியர்க் காவலன் வாளாவிருப்பான். பியூஸில் நான்கைந்து இழைகளை முறுக்கிக் கட்டுவதும் இவ்வகையதே.

மும்முனை மின்சாரம் உள்ள வீடுகளில் நியூட்ரல் கம்பி தளர்வது தனிப்பட்ட கேடு. முனைகள் இரண்டற்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட் உண்டு. நியூட்ரல் அறுந்தால், ஒரு முனையிலுள்ள குளிர்ப்பொறியும் மற்றொரு முனையிலுள்ள விளக்குகளும் அந்த 400 வோல்ட்டைத் தமக்குள் சமமின்றிப் பங்கிட்டுக்கொள்ளும். சுமை மிகுந்த பொறி பட்டினி கிடக்க, சுமை குறைந்த விளக்குகள் மிகைப்பட ஒளிர்ந்து வெடிக்கும். பொறியை இயக்குந்தோறும் ஓரறை விளக்கு மங்கி வேறோரறை விளக்குப் பளிச்சிடுமாயின், தாமதியாது மெயின் ஸ்விட்சை நிறுத்துக.

கசிவைக் கண்டு 30 மில்லியாம்பியரிலேயே துண்டிக்கும் ஆர்.ஸி.ஸி.பி. விழுமானால், சுருளின் உறை கெட்டு மின்சாரம் உலோகப் பெட்டிக்குக் கசிகின்றது என்று ஐயுறல் வேண்டும். குளிர் வேண்டுமென்று அதனைக் கழற்றிவிட்டு, மொட்டை மாடியில் ஈரத் துணி உலர்த்துவோர் கைபடும் இடத்தில் அப்பெட்டியை வைத்திருத்தல் கொலைக்கு ஒப்பானது.

இன்வர்ட்டர் வகைப் பொறிகள் மெல்லத் தொடங்குவன. ஆதலால் முற்கூறிய தொடக்க வேகம் அவற்றுக்கு இல்லை. தாழ்ந்த மின்னழுத்தத்தையும் ஓரளவு பொறுக்கும். ஆயினும் அவற்றின் மின்னணுப் பலகை திடீரென எழும் மிகையழுத்தத்திற்கு எளிதில் இரையாகும். ஸ்டெபிலைஸர் வெளியிலிருந்து வரும் ஏற்றத்தாழ்வைத் திருத்துமேயன்றித் தளர்ந்த திருகை முடுக்கித் தராது.

கோளாறு வீட்டிலோ வெளியிலோ என்று துணிதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர்ப் பலகையிலும் பொறியின் சாக்கெட்டிலும் மின்னழுத்தத்தை அளக்கச் செய்க. இரண்டும் ஒருங்கே தாழ்ந்திருப்பின் குறை பெரும்பாலும் தெருவினது, மின்வாரியத்துக்கு எழுதலாம். பலகையில் 225-உம் சாக்கெட்டில் 205-உம் காட்டுமாயின், இடையே 20 வோல்ட் மறைந்தது. 8 ஆம்பியரில் அது 160 வாட் வெப்பம். அவ்வெப்பம் எந்தச் சுவருக்குள், எந்த இணைப்பில் இருக்கின்றது என்று தேடிக் கண்டுபிடிக்குமளவும் அப்பொறியை இயக்குதல் ஆகாது.