வயிற்றுப்போக்கும் வீட்டு மருந்தும்

அஞ்சறைப் பெட்டி இல்லாத தமிழ் இல்லம் அரிது. சளிக்கு ஆடாதோடை, செரியாமைக்கு ஓமம், நீர்க்கோவைக்கு நொச்சி ஆவி என நம் மூதாட்டியர் கையாண்ட முறைகள் பல. இவற்றைப் பழம்பேச்சென ஒதுக்குதல் தகாது. ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாயிற்று. ஆயினும் வழிவழி வந்தவை யாவும் நலம் பயப்பன அல்ல. பச்சிளங்குழந்தைக்கு வசம்பு உரைத்துப் புகட்டும் வழக்கத்தை இன்றைய குழந்தை மருத்துவம் ஏற்பதில்லை. 'பிள்ளை வளர்ப்பான்' என்று அதற்கொரு பெயர் வழங்குவது வேறு! ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது.

நன்மையும் தீமையும் அருகருகே நிற்பதை வயிற்றுப்போக்கில் தெளிவாகக் காணலாம். நசரத்பேட்டை, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்துக் குடிநீரில் கழிவுநீர் கலக்க நேர்ந்தால் முதலில் துன்புறுவோர் குழந்தைகளே. அப்போது "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப் போடு" என்பார் சிலர். இதைவிடக் கொடிய அறிவுரை வேறில்லை. இந்நோயில் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது உடலின் நீரும் உப்பும் வற்றிப்போதலே.

சோறு வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் கொடுத்த பாட்டியோ சரியாகவே செய்தார். குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. காலராவிலும் இவ்வழி அடைபடுவதில்லை. கஞ்சியின் மாவுப்பொருள் குடலில் சர்க்கரையாக மாறி இப்பணியைச் செய்கிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகலனோபிஸ் குளுக்கோசும் உப்பும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாயிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று. 2022இல் மறைந்த அவருக்கு 2023இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலமே சிறந்தது. அது கைக்கெட்டாதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்க வேண்டும். கையளவாக அள்ளிப் போடுதல் கூடாது; உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு. கண்ணீரைவிட அது கரிக்கலாகாது. ஒரு நாள் கடந்த கரைசலைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டர் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தொடரலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டியதில்லை.

கண் குழிதல், அழுதும் கண்ணீர் வராமை, சிறுநீர் குறைதல், மலத்தில் இரத்தம், குடிக்கவும் இயலாத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வீட்டு மருந்தோடு நின்றுவிடலாகாது. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். குழந்தை விழுங்கக்கூடிய நிலையில் இருப்பின், செல்லும் வழியிலும் அக்கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே செல்லலாம்.