தொங்கும் கிச்சன் கதவு: ஸ்க்ரூவை முறுக்கினா மட்டும் போதுமா?

மக்களே, இந்த முறை கோடிங் இல்ல, பிளேஸ்மென்ட் டிப்ஸும் இல்ல. உங்க வீட்டு கிச்சன்ல சிங்க்குக்குக் கீழ இருக்கிற கேபினட் கதவைப் பத்தி ஒரு சின்ன பாடம்.

பெரும்பாலான வீடுகள்ல அந்தக் கதவு கொஞ்சம் தொங்கிக்கிட்டுத்தான் இருக்கும். நாம கவனிச்சிருக்க மாட்டோம், ஏன்னா அதை ஒரு நாளைக்கு இருபது தடவை திறக்கிறது நாம இல்ல, அம்மா. ஈரக் கையோட கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, முட்டியால அழுத்தி மூட அவங்க பழகியிருப்பாங்க. "கார்பென்டர் வந்தா பாத்துக்கலாம்"னு எல்லாரும் சொல்லுவோம். ஆனா ஒரே ஒரு கதவுக்காக எந்தக் கார்பென்டரும் சீக்கிரம் வரமாட்டார். ஒரு நாள் மேல் கீல் கழண்டு, 3 கிலோ பலகை யார் காலிலாவது விழும். நாலு வருஷம் எஞ்சினியரிங் படிக்கிறோம், இதை அரை நாள்ல நாமளே சரி பண்ணலாம்.

முதல்ல, எது லூஸ்?

இன்னைக்கு மாடுலர் கிச்சன்ல இருக்கிறது பழைய பட்டாம்பூச்சி மாதிரி விரியிற கீல் இல்ல. உள்ளே மறைஞ்சிருக்கிற கப் கீல். ஹார்ட்வேர் கடையில "ஆட்டோ ஹிஞ்ச்"னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. அதுல மூணு பாகம் உண்டு. கதவுக்குள்ள 35 மி.மீ. விட்டமுள்ள குழியில உக்காந்திருக்கிற கப், கேபினட்டோட பக்கப் பலகையில ஸ்க்ரூ பண்ணியிருக்கிற பிளேட், இந்த ரெண்டையும் இணைக்கிற கை.

கதவைப் பாதி திறந்து, கைப்பிடி இருக்கிற ஓரத்தைப் பிடிச்சு மெதுவா மேலும் கீழும் அசைச்சுப் பாருங்க. மொபைல் டார்ச் அடிச்சு எந்த இடம் ஆடுதுன்னு கவனிங்க.

கை பிளேட் மேல ஆடினா, இணைக்கிற ஸ்க்ரூ லூஸ். இது ரெண்டு நிமிஷ வேலை.
பிளேட்டே பலகையில இருந்து எழும்பினா, பலகையில ஓட்டை அகலமாயிடுச்சு. பெரும்பாலும் பிரச்சனை இதுதான்.
கப் கதவுல ஆடினா, கப்போட ரெண்டு ஸ்க்ரூ பிடி விட்டிருக்கு.
எதுவும் ஆடலை, ஆனா கதவு கோணலா இருந்தா, அது அட்ஜஸ்ட்மென்ட் மட்டும்தான்.

இந்தச் சோதனை பண்ணாம ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க.

கொஞ்சம் மெக்கானிக்ஸ்

600 மி.மீ. உயரம், 450 மி.மீ. அகலம், 18 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பிளைவுட் கதவை எடுத்துக்குவோம். எடை சுமார் 3 கிலோ, அதாவது 30 நியூட்டன். ரெண்டு கீலுக்கும் நடுவுல 440 மி.மீ. இடைவெளி. எடை கதவோட நடுவுல, அதாவது கீலில் இருந்து 225 மி.மீ. தூரத்துல இயங்குது. அப்போ மேல் கீலைப் பலகையில இருந்து இழுக்கிற விசை 30 × 225 ÷ 440, கிட்டத்தட்ட 15 நியூட்டன். ரொம்பக் கம்மி. வெறும் எடையால இந்தக் கதவு கழண்டு விழாது.

இப்போ, கீழ உக்காந்து சுத்தம் பண்ணிட்டு எழுந்திருக்கும்போது ஒருத்தர் கதவு மேல கை ஊணுறாங்கன்னு வைங்க. வெறும் 10 கிலோ, கீலில் இருந்து 400 மி.மீ. தூரத்துல. 100 × 400 ÷ 440 போட்டா இன்னும் 90 நியூட்டன் சேருது. 15 நியூட்டன் இழுத்த இடத்துல இப்போ 100-க்கு மேல.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. சாதாரண கப் கீல் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேல திறந்து நின்னுடும். அங்க நின்ன பிறகும் இடுப்பால கதவை இன்னும் தள்ளினா, கதவு ஒரு கடப்பாரை ஆயிடும். கைப்பிடி ஓரத்துல 30 நியூட்டன், 400 மி.மீ. தூரத்துல தள்ளினா 12 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. அதைத் தாங்குற பிளேட்ல ஸ்க்ரூவுக்கும் பிளேட் ஓரத்துக்கும் உள்ள தூரம் தோராயமா 20 மி.மீ.தான். 12-ஐ 0.02-ஆல வகுத்தா 600 நியூட்டன். ரெண்டு கீலும் சமமாப் பகிர்ந்துக்கிட்டாலும் ஒவ்வொண்ணுக்கும் 300. ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை விட அதிகமான சுமை, 16 மி.மீ. நீளமுள்ள ரெண்டு சின்ன ஸ்க்ரூ மேல.

அந்த ஸ்க்ரூவைப் பிடிச்சு வச்சிருக்கிறது மரையோட மரைக்கு நடுவுல இருக்கிற மர நார் மட்டும்தான். பார்ட்டிகிள் போர்டுல நீளமான நாரே கிடையாது. மரத்தூள் சில்லுகளைப் பசை போட்டு அழுத்தின பலகை அது. தண்ணி பட்டா உப்பும், உப்பினா சில்லுகள் பிரியும். அந்த நிலைமையில ஸ்க்ரூவை மறுபடி மறுபடி முறுக்கினா மீதி இருக்கிற பிடியும் அரைஞ்சு தூளாப் போகும். அதனாலதான் முறுக்கின கதவு பத்து நாள்ல திரும்பத் தொங்குது.

என்னென்ன வேணும்?

2-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். கரன்ட் பாக்கிற டெஸ்டர் வேண்டாம், தலை வழுக்கி ஸ்க்ரூ வாய் தேஞ்சிடும். ஸ்க்ரூ தலையில கூட்டல் குறிக்கு நடுவுல மெல்லிசா ஒரு பெருக்கல் குறியும் தெரிஞ்சா அது பொஸிட்ரைவ் வகை, அதுக்கான பிட் போட்டா இன்னும் நல்லாப் பிடிக்கும். மூங்கில் பல் குச்சி ஒரு டப்பா, ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை, பிளேடு, பழைய துணி. டிரில்லிங் மெஷின் இருந்தா 2 மி.மீ. பிட்.

வேலை

1. கேபினட்டைக் காலி பண்ணுங்க. உள்ளே கேஸ் சிலிண்டர் இருந்தா ரெகுலேட்டரை மூடிக் கழட்டி, சிலிண்டரை வெளிய தள்ளி வச்சிட்டுத்தான் டிரில் பக்கம் போகணும். மேல் கேபினட்டுன்னா ஒருத்தர் கதவைப் பிடிச்சுக்கணும், ஸ்டூல்ல ஏறித் தனியா முயற்சி பண்ணாதீங்க.

2. கதவுக்கு அடியில புக்ஸ் அடுக்கி முட்டுக் கொடுங்க. நம்ம செமஸ்டர் லோக்கல் ஆதர் புக்ஸ் இதுக்கு நல்லா உதவும். முதல்ல கீழ் கீல், அப்புறம் மேல் கீல்னு கழட்டுங்க. கையோட பின்பக்கம் ஒரு சின்ன நெம்பு இருந்தா அது கிளிப் வகை, அழுத்தினா கழண்டுடும். இல்லைன்னா பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி கையை வெளியே இழுக்கணும். மாட்டும்போது மேல் கீல்தான் முதல்ல.

3. பிளேட்டைக் கழட்டி ஓட்டையைப் பாருங்க. பலகை காய்ஞ்சு கெட்டியா இருந்தா அடுத்த படிக்குப் போகலாம். ஈரமா இருந்தா ரெண்டு நாள் காய விடுங்க, ஈரத்துல பசை பிடிக்காது.

4. பல் குச்சிகளைப் பசையில முக்கி, ஓட்டை இறுக நிரம்புற வரைக்கும் சொருகுங்க. வெளியே நீட்டுறதைப் பிளேடால பலகை மட்டத்துக்கு வெட்டி, வழிஞ்ச பசையைத் துடைச்சிடுங்க. 24 மணி நேரம் தொடாதீங்க. அவசரப்பட்டு ராத்திரியே மாட்டினா பசைக்குப் பிடி வராது.

5. மறுநாள் நடுவுல 2 மி.மீ. துளை போடுங்க. ஆழம் 12 மி.மீ. போதும், டிரில் பிட்ல அந்த அளவுல இன்சுலேஷன் டேப் சுத்திக்கிட்டா தாண்டிப் போகாது. பலகை 18 மி.மீ.தான், தாண்டினா அந்தப் பக்கம் ஓட்டை தெரியும். கப் பக்கம்னா இன்னும் கவனம், ஆழமாப் போனா கதவு முன்பக்க லேமினேட் உடையும்.

6. ஸ்க்ரூவைக் கையாலதான் முறுக்கணும், மெஷின் வேண்டாம். உக்காந்ததும் கால் சுத்து இறுக்கி நிறுத்திடுங்க.

பழைய ஓட்டை நல்லா இருந்து, ஸ்க்ரூ மட்டும் கழண்டிருந்தா ஒரு சின்ன டெக்னிக். முதல்ல ஸ்க்ரூவை எதிர்ப்பக்கமா மெதுவாத் திருப்புங்க. 'டக்'னு ஒரு சின்ன இறக்கம் விரல்ல தெரியும். அதுதான் பழைய மரையோட ஆரம்பம். அங்கிருந்து முறுக்கினா அதே மரையில போகும், புது மரை வெட்டாது.

பல் குச்சி வேலை செய்யாத இடங்கள்

உங்க கிச்சன் பிவிசி பலகையா இருந்தா வெள்ளைப் பசை ஒட்டாது. அந்தப் பசை நுண்துளைக்குள்ள ஊறித்தான் பிடிக்கும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. அங்க ரெண்டு டியூப் கலந்து போடுற எபாக்ஸிதான் சரி.

பார்ட்டிகிள் போர்டு உப்பி, நகத்தால சுரண்டினா உதிர்ந்தா, அந்த இடத்தை விட்டுடுங்க. மேல் கீலா இருந்தா கதவுலயும் பலகையிலயும் வேற இடம் பாக்கணும், அதுக்கு 35 மி.மீ. கப் கட்டர் தேவை. அதைவிடச் சுலபம், ஓட்டை மேல வச்சு மூடுற ஸ்டீல் ரிப்பேர் பிளேட். ஆன்லைன்ல கிடைக்குது. அது சுமையைப் பழைய ஓட்டைக்கு வெளியே இருக்கிற நல்ல பலகைக்குக் கடத்துது. பலகை முழுக்க ஊறிப் போயிருந்தா மட்டும் கார்பென்டரைக் கூப்பிடுங்க. அப்போ ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டா கேளுங்க, ஈரத்தைத் தாங்கும்.

கீலே தேஞ்சு ஆடினா புதுசு வாங்கணும். கடைக்குப் போகும்போது பழைய கீலைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. "எத்தனை கிராங்க்?"னு கேப்பாங்க. கதவு பக்கப் பலகையை முழுசா மறைச்சா 0. நடுவுல ஒரே பலகையை ரெண்டு கதவு பகிர்ந்துக்கிட்டா 8. கதவு கேபினட்டுக்கு உள்ளே உக்காந்தா 15. தப்பான கிராங்க் வாங்கினா எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணினாலும் கதவு மூடாது.

நேராக்குறது

கீலோட கையில ரெண்டு ஸ்க்ரூ தெரியும். கதவுக்குப் பக்கத்துல இருக்கிறது இடது வலது நகர்த்த. பின்னாடி இருக்கிறது உள்ளே வெளியே நகர்த்த. பிளேட்டோட ஸ்க்ரூ ஓட்டை நீளவாக்குல இருக்கும், அது மேலே கீழே நகர்த்த. முதல்ல உயரம், அப்புறம் இடது வலது, கடைசியா உள்ளே வெளியே.

கைப்பிடி ஓரம் கீழே சரிஞ்சிருந்தா, மேல் கீலை, கதவு கீல் பக்கமா வர்ற மாதிரி திருப்புங்க. கீழ் கீலை அதுக்கு எதிரா. ஒரே கீலை மட்டும் அஞ்சாறு சுத்து திருப்பாதீங்க. ரெண்டுலயும் அரை அரை சுத்து, ஒவ்வொரு தடவையும் மூடிப் பாருங்க.

பொதுவா 900 மி.மீ. உயரம் வரைக்கும் ரெண்டு கீல் போதும், அதுக்கு மேல மூணு வேணும். உங்க வீட்டு உயரமான கதவு அடிக்கடி தொங்கினா, எத்தனை கீல் இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

அப்புறம்?

மேல போட்ட கணக்கை வீட்டுல எல்லாருக்கும் சொல்லுங்க. கதவு நின்ன பிறகு தள்ளக் கூடாது, அது மேல கை ஊணக் கூடாது, ஈரத் துண்டு காயப் போடக் கூடாது. சிங்க் பைப்ல சொட்டு விழுதான்னு பாருங்க. சொட்டை நிறுத்தாம கீலைச் சரி பண்ணினா ஆறு மாசத்துல இதே வேலை திரும்ப வரும். ஒவ்வொரு செமஸ்டர் லீவுலயும் ஒரு தடவை எல்லாக் கதவையும் அசைச்சுப் பாத்து, லூஸா இருக்கிறதைக் கால் சுத்து இறுக்கினா ஓட்டை அகலமாகவே ஆகாது.

வாடகை ரூம்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. துளை போடுறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிடுங்க, ஒரு ஃபோட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க. அட்வான்ஸ் திரும்ப வாங்குற நாள்ல அது பேசும்.

இந்த சனிக்கிழமை பசை, ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூ. அம்மாகிட்ட "எந்தக் கதவு தொங்குது?"னு கேட்டுப் பாருங்க, ஒண்ணு இல்ல, மூணு சொல்லுவாங்க. அடுத்த இதழ்ல, பாதியில சிக்கி நிக்கிற டிராயர் சேனலைப் பாக்கலாம்.