நாடகத்திற்கு முன் போஜனம்: லண்டன் செல்லும் ரசிகர்களுக்கு

லண்டன் வெஸ்ட் எண்ட் அரங்குகளில் மாலைக் காட்சி பெரும்பாலும் 7.30 மணிக்கு ஆரம்பமாவதாலும், காலதாமதமாக வருவோர் தக்க தருணம் வாய்க்கும்வரை வெளியே காத்திருக்க நேர்வதாலும், முன்னதாக உண்ணும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுப்பது அவசியமாகும்.

• அரங்கிலிருந்து பத்து நிமிஷ நடைதூரத்துக்குள் அமைந்த போஜனசாலையே உத்தமம். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ அரங்குகளுக்குச் செல்வோருக்கு, அடுத்துள்ள ஸோஹோ வீதிகளும், சீன உணவகங்கள் நிறைந்த ஜெரார்ட் தெருவும் மிகவும் அனுகூலமானவை.

• 5.30 மணிக்கு இடம் பதிவு செய்து, காட்சி தொடங்கும் நேரத்தையும் அப்போதே தெரிவித்துவிட்டால், பரிமாறுவோர் அதை அனுசரித்து நடப்பார்கள்.

• நாடக ரசிகர்களை உத்தேசித்து, இரண்டு மூன்று பதார்த்தங்களை நிர்ணயமான விலைக்கு அளிக்கும் முன்மாலைப் பட்டியலைப் பல உணவகங்கள் வைத்திருப்பதால், அதைக் கேட்டு வாங்குவது பணத்துக்கும் நேரத்துக்கும் சிக்கனம்.

• சைவ உணவு வேண்டுவோர் முன்கூட்டியே விசாரிப்பதும், பில் தொகையில் 12.5 சதவீதம் போன்ற சேவைக் கட்டணம் சேர்ந்துள்ளதா என்று கவனிப்பதும் நலம்.

• கனமான ஆகாரம் நித்திரையை வரவழைக்குமாதலால், மிதமாக உண்டு 7 மணிக்கெல்லாம் எழுந்துவிடுங்கள். தித்திப்பில் ஆசை மிஞ்சியிருந்தால், இடைவேளையில் அரங்கிலேயே ஐஸ்கிரீம் கிடைக்கும்.