கடிதத்தில் காலம் தவறினால் கணக்கும் தவறும்

சூரத்திலிருந்து ஜவுளி தருவிப்பவரானாலும் குண்டூரிலிருந்து மிளகாய் வற்றல் வாங்குபவரானாலும், வெளிமாநில வியாபாரிக்குக் கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ எழுதும்போது பெரும்பாலும் ஆங்கிலத்தையே நாட வேண்டியுள்ளது. அதற்கு இலக்கணம் முழுவதும் தேவையில்லை. பணம் கட்டியாயிற்றா, இனிமேல்தான் கட்ட வேண்டுமா என்பதைக் காட்டுவது வினைச்சொல்லின் காலமே. அதைச் சரியாக எழுதினால் பல சச்சரவுகளைத் தவிர்க்கலாம்.

ஒரே பில்லைப் பற்றிய நான்கு வாக்கியங்களைப் பாருங்கள்:

வீ பெய்டு த பில் ஆன் மண்டே – திங்களன்று கட்டினோம்.
வீ ஹேவ் பெய்டு த பில் – கட்டிவிட்டோம். இப்போது பாக்கி இல்லை.
வீ ஆர் பேயிங் த பில் டுடே – இன்று கட்டுகிறோம், இன்னும் முடியவில்லை.
வீ வில் பே த பில் – கட்டுவோம், பாக்கி நிற்கிறது.

நான்காவது வாக்கியத்தில் கவனம் தேவை. 1963ஆம் ஆண்டின் லிமிடேஷன் சட்டம் 18ஆம் பிரிவின்படி, கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், வழக்குப் போடும் கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். கட்டிய பில்லுக்கு 'வில் பே' என்று எழுதினால், இல்லாத பாக்கியை நாமே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

நாம் வழக்கமாகத் தவறும் இடங்கள் மூன்று.

1. 'நேற்றே கட்டியிருக்கிறோம்' என்பது தமிழில் சரி. ஆங்கிலத்தில் 'ஹேவ்' வந்தால் எஸ்டர்டே, லாஸ்ட் வீக் போன்ற கடந்த நாட்கள் உடன் வரக்கூடாது. 'வீ ஹேவ் பெய்டு எஸ்டர்டே' தவறு. 'வீ பெய்டு எஸ்டர்டே' என்பதே சரி.

2. 'டிட் நாட்' என்பதிலேயே இறந்தகாலம் அடங்கிவிட்டது. அடுத்து வரும் வினை முதல் வடிவத்தில்தான் இருக்க வேண்டும். 'டிட் நாட் ரிசீவ்டு' தவறு. 'டிட் நாட் ரிசீவ்' சரி.

3. 'சரக்கு வரவில்லை' என்ற ஒரே தொடர் தமிழில் இரு பொருள் தரும். 'த கூட்ஸ் டிட் நாட் கம் ஆன் மண்டே' என்றால் திங்களன்று வரவில்லை, மறுநாள் வந்திருக்கலாம். 'த கூட்ஸ் ஹேவ் நாட் கம்' என்றால் இதுவரை வரவில்லை. லாரி ஆபீசில் விசாரிக்கச் சொல்ல இரண்டாவதையே எழுத வேண்டும்.

கடைக்காரருக்கு வேண்டிய வினைகளின் மூன்று வடிவங்கள்:

மூன்றும் வேறானவை: கிவ் – கேவ் – கிவன் (கொடு), டேக் – டுக் – டேக்கன் (எடு), ரைட் – ரோட் – ரிட்டன் (எழுது).

கடைசி இரண்டும் ஒன்றானவை: பே – பெய்டு – பெய்டு (பணம் செலுத்து), செல் – சோல்டு – சோல்டு (விற்பனை செய்), கீப் – கெப்ட் – கெப்ட் (வைத்திரு).

மாறாதவை: கட் (வெட்டு), புட் (வை), காஸ்ட் (விலையாகு).

நாளைக் குறிப்பிட்டால் இரண்டாம் வடிவம். ஹேவ், ஹேஸ் வந்தால் மூன்றாம் வடிவம். நான், நாங்கள், நீங்கள், அவர்கள் என்றால் ஹேவ். அவர், அது, ஒரு கம்பெனி என்றால் ஹேஸ்.

பயிற்சி: ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.
அ) ஸ்டாக் முழுவதையும் விற்றுவிட்டோம்.
ஆ) போன வாரம் செக் கொடுத்தோம்.
இ) கம்பெனி இதுவரை பணம் கட்டவில்லை.

விடை:
அ) வீ ஹேவ் சோல்டு த என்டயர் ஸ்டாக்.
ஆ) வீ கேவ் த செக் லாஸ்ட் வீக்.
இ) த கம்பெனி ஹேஸ் நாட் பெய்டு.